பதினெட்டு வயதோடு முடிவதில்லை

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று பத்து வயதில் இருந்தவர்கள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். வேலைக்குச் செல்கிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், சிலர் பெற்றோராகவும் ஆகிவிட்டார்கள். குழந்தைகளாக அவர்கள் அனுபவித்த கொடுமைகளில் எத்தனை காவல் நிலையம் வரை வந்தன என்பதை ஆவணங்கள் சொல்லும். எவரிடமும் சொல்லப்படாமல் அவர்களுடனேயே வளர்ந்த கொடுமைகள் எத்தனை என்பதைச் சொல்ல எந்த ஆவணமும் இல்லை.

குழந்தைகளைக் காப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், அது தேவையானதும்கூட. காக்கப்படாமல் போன குழந்தை பெரியவரான பிறகு என்ன ஆகிறார் என்ற கேள்வியை மட்டும் பொதுவெளியில் எழுப்புவதில்லை. நம் சட்டம், மருத்துவம், குடும்பம் ஆகிய மூன்றும் பதினெட்டு வயது நிறைந்த அன்றே காயமும் ஆறிவிடும் என்ற எண்ணத்தில் அமைந்திருக்கின்றன.

பிரச்சினையின் அளவு நமக்குத் தெரியாததல்ல. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டு எழுதப்பட்டது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாக அடித்துத் துன்புறுத்தப்பட்டிருந்தனர். பாலியல் துன்புறுத்தல் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை எவரிடமும் சொல்லவில்லை. அந்த ஆய்வில் பேசிய குழந்தைகள் அனைவரும் இன்று வயது வந்தவர்கள்.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. ஒரு குழந்தை தன் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பாசத்துக்கும் பெரியவர்களையே நம்பி வாழ்கிறது. அவர்கள் கெட்டவர்கள் என்று முடிவு செய்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே, ‘நான்தான் கெட்ட பிள்ளை, அதனால்தான் எனக்கு இப்படி நடக்கிறது’ என்ற முடிவுக்கு அது வருகிறது. அந்த வயதில் இந்த எண்ணம் ஒருவகையில் அதைக் காப்பாற்றுகிறது. நாற்பது வயதிலும் அதே எண்ணம் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நோயாகிறது.

உடலும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடி ஓசையைக் கேட்டே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணிக்கக் கற்றுக்கொண்ட குழந்தையின் நரம்பு மண்டலம், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே விழித்திருக்கிறது. அந்த வீட்டில் அந்த விழிப்பு தேவைப்பட்டது. ஆனால் வீட்டை விட்டு வெளியேறி இருபது ஆண்டுகள் கழித்தும், அலுவலகத்தில் மேலாளர் குரலை உயர்த்தினால் அதே உடல் உறைந்துபோகிறது. வாழ்க்கைத் துணை சற்று நேரம் மௌனமாக இருந்தால் நெஞ்சு படபடக்கிறது. காரணமற்ற கோபம், உறக்கமின்மை, நெருக்கத்தைக் கண்டு விலகுதல் என்று வெளியே தெரிபவற்றின் வேர் பெரும்பாலும் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. சில நேரங்களில் அவருக்கே தெரிவதில்லை.

இந்த வேரை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உடல் பருமன் சிகிச்சை மையம் ஒன்றை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்த நோயாளிகளே பாதியில் சிகிச்சையைக் கைவிடுவதைக் கண்டார். அவர்களிடம் விரிவாகப் பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்பது தெரியவந்தது. சிலருக்குப் பருத்த உடல் ஒரு கவசமாக இருந்தது. பின்னர் அவரும் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முதல் அறிக்கை 1998-இல் வெளிவந்தது. துன்புறுத்தல், வீட்டுக்குள் வன்முறை, பெற்றோரின் போதைப் பழக்கம் போன்ற அனுபவங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் சந்தித்தவர்களுக்கு, ஒன்றைக்கூடச் சந்திக்காதவர்களைவிட மதுப்பழக்கம், போதை அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இதய நோய், நுரையீரல் நோய் போன்றவற்றின் அபாயமும் அதிகமாக இருந்தது.

இந்த எண்களை ஒரு தனிமனிதரின் தலையெழுத்தாகப் படிக்கக் கூடாது. மக்கள் தொகுதி ஒன்றின் அபாயத்தைக் காட்டும் அளவுகோலை வைத்துத் தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்று ஆண்டாவே பிற்காலத்தில் எச்சரித்தார். துன்புறுத்தப்பட்ட குழந்தைகளில் பெரும்பான்மையோர் துன்புறுத்துபவர்களாக வளர்வதில்லை என்பதும் உண்மை. பாதிக்கப்பட்டவர் மீது சந்தேகக் கண் வைப்பதற்கு இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று கேட்கும் மரபு நம்முடையது. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பதும் நம் பழமொழியே. வளையும் என்பதற்குச் சான்று ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த காவாயில் கிடைத்தது. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் நடுத்தர வயது வரை பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் அல்லது குடிப்பழக்கம் என்று பல இடர்களுக்கு நடுவே பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெரிய சிக்கல் ஏதுமின்றி நல்ல மனிதர்களாக வளர்ந்தனர். அவர்களின் வாழ்வில் பொதுவாகக் காணப்பட்டது, பெற்றோராக இல்லாவிட்டாலும் பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ அன்போடு துணைநின்ற ஒருவரின் இருப்பு. பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவந்தனர். மீண்டும் படிக்கக் கிடைத்த வாய்ப்பு, நிலையான வேலை, அமைதியான துணையோடு அமைந்த மணவாழ்க்கை, ஒரு சமூகத்தோடு ஏற்பட்ட பிணைப்பு ஆகியவை அவர்களுக்குக் கைகொடுத்தன. காலம் தானாக எதையும் ஆற்றிவிடவில்லை; காலப்போக்கில் கிடைத்த மனிதர்களும் வாய்ப்புகளும்தான் ஆற்றின.

சிகிச்சை முறைகளும் வளர்ந்திருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுதல், பிறகு மனிதர்களோடும் வாழ்வோடும் மீண்டும் இணைதல். இந்த வரிசை முக்கியமானது. இன்றும் அடியும் மிரட்டலும் தொடரும் வீட்டில் இருப்பவரிடம் பழைய நினைவுகளைக் கிளறுவது சிகிச்சையாகாது. மனவடுவை மையப்படுத்திய அறிதல் நடத்தைச் சிகிச்சையையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தி நினைவுகளைச் செரிக்க உதவும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. நீண்டகாலம் தொடர்ந்த கொடுமைகளால் உண்டாகும் பாதிப்பைத் தனி நோயாக ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டில் அதே நிறுவனம் சேர்த்தது. இவற்றில் எதுவும் நினைவை அழிப்பதில்லை. நினைவு வரும்போதெல்லாம் உடல் பழைய நாளுக்கே திரும்பிவிடும் நிலையை மாற்றி, ‘அது நடந்தது, முடிந்தது’ என்ற இடத்தில் அந்த நினைவை வைக்கின்றன.

இதைத் தருவதற்கு நம்மிடம் ஆள் இல்லை என்பதே முதல் சிக்கல். 2016-இல் வெளியான தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோருக்கு அது கிடைப்பதில்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே இருப்பதாக அரசின் தரப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறிவித்தது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்ட காப்பீடுகளால், வாரம் ஒருமுறை மாதக்கணக்கில் செல்ல வேண்டிய உளவியல் ஆலோசனைக்குப் பெரிய பயன் இல்லை. அந்தச் செலவைச் சம்பளத்திலிருந்தே கொடுக்க வேண்டும். ஆகவே மீட்சி என்பது பெருநகரத்தில் வசிக்கும் வசதியுள்ளவர்களின் உரிமையாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த வெற்றிடத்தைத் தகுதியற்றவர்கள் நிரப்புவது இன்னோர் ஆபத்து. 1980, 1990-களில் அமெரிக்காவில் ‘மறைந்த நினைவுகளை மீட்கிறோம்’ என்று புறப்பட்ட சில சிகிச்சையாளர்கள், நடக்காத நிகழ்வுகளையும் நோயாளிகளின் மனத்தில் விதைத்தனர். குடும்பங்கள் சிதைந்தன, உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களின் சொல்லும் நம்பகத்தன்மையை இழந்தது. சமூக ஊடகங்களில் ஒரு நிமிடக் காணொளிகள் ஒவ்வொரு மனக்குறைக்கும் மனவடு என்று பெயர் சூட்டும் இக்காலத்தில் இந்த வரலாற்றை நாம் மறந்துவிடக் கூடாது. கண்டிப்பான பெற்றோர் எல்லோரும் கொடுமைக்காரர்கள் அல்லர். அதே வேளையில், ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லியே உண்மையான கொடுமைகளை மூடி மறைத்ததும் நாம்தான். இரண்டையும் பிரித்தறியப் பயிற்சி பெற்ற மனிதர்கள் தேவை.

இனி சட்டத்துக்கு வருவோம். போக்சோ சட்டத்துக்கு முன்னோக்கிய பார்வைதான் உண்டு. 2012-க்கு முன் நடந்த செயல்களுக்கு அது பொருந்தாது. முன்பு நடந்தவற்றுக்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டமே அடிப்படை. அதில் பாலியல் வன்கொடுமைக்கான வரையறை மிகக் குறுகியது. ஒரு சிறுமியின் உடலைத் தீண்டிய குற்றம் பெரும்பாலும் மானபங்கம் என்ற பிரிவில்தான் வரும். 2013 திருத்தத்துக்கு முன் அதற்கான அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். அத்தகைய குற்றங்களை மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் காலவரம்பு விதித்திருந்தது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், எட்டு வயதில் நடந்ததைச் சொல்ல முப்பது வயதில்தான் துணிவு வந்தது என்று சொல்பவருக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. சிறுவர்களுக்கு நேர்ந்த கொடுமைக்கோ அன்றைய சட்டத்தில் தக்க பெயர்கூட இல்லை.

போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை, பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகார் தரலாம் என்று 2018 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் விளக்கமளித்தது. சிறுவயதில் துன்புறுத்தப்பட்டு, நடுத்தர வயதில் நீதி கேட்டு அலைந்த ஒரு பெண்ணின் கோரிக்கைக்கும் அதில் பங்கு உண்டு. வரவேற்கத்தக்க விளக்கம்தான். ஆயினும் அமைச்சக விளக்கம் சட்டத்தின் வாசகம் ஆகிவிடாது. அதை ஒரு காவல் நிலைய அதிகாரி அறிந்திருப்பார் என்ற உறுதியும் இல்லை.

இதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் தண்டனையும் உண்டு. ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் காக்க இது அவசியம். ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர், பதினொன்றாம் வயதில் தனக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஆலோசகரிடம் சொல்லும்போது என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் தனியாகச் சொல்லவில்லை. ஆலோசகர் தெரிவித்தால், வழக்கை விரும்பாத அவரது ரகசியம் பறிபோகிறது. தெரிவிக்காவிட்டால் ஆலோசகர் தண்டனைக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. சொல்லும் முன்பே ‘சொன்னால் என்ன ஆகும்’ என்று யோசித்து, பலர் ஆலோசகரின் வாசல் வரை வந்து திரும்பிவிடவும் கூடும். பாதுகாக்க வந்த விதியே இவ்வாறு மௌனத்தை நீட்டிக்கலாம்.

பேச எடுக்கும் காலம் பற்றி ஆஸ்திரேலியா விரிவாகக் கேட்டறிந்திருக்கிறது. நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை விசாரிக்க அங்கே அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் 2013 முதல் 2017 வரை இயங்கியது. 8,000-க்கும் மேற்பட்டோர் தனி அமர்வுகளில் ஆணையர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்கள் முதன்முறையாக வாய்திறக்கச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அமர்வுகள் நீதிமன்றக் குறுக்கு விசாரணைகள் அல்ல, கேட்பதற்கென்றே அமைந்தவை. 2018 ஜூலையில் தேசிய நிவாரணத் திட்டம் தொடங்கியது. அதிகபட்சம் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு, உளவியல் ஆலோசனை, தொடர்புடைய நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் கேட்கும் மன்னிப்பு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்குகளுக்கான காலவரம்பை அந்நாட்டு மாநிலங்கள் நீக்கின. அத்திட்டத்தின் மீது குறைகள் உண்டு. எனினும், பெரியவரான பின் பேசுபவருக்கும் அரசு செவிசாய்க்க முடியும் என்பதை அது காட்டியது. ஜெர்மனியில் இத்தகைய குற்றங்களுக்கான காலவரம்பு, பாதிக்கப்பட்டவருக்கு 30 வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

நம் விடுதிகள், பள்ளிகள், காப்பகங்கள், சமய நிறுவனங்கள் ஆகியவற்றின் கடந்த காலத்தை இப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு செய்தி வெடிக்கும்போது ஒருவரைக் கைது செய்கிறோம். அவர் அங்கே இருபது ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் அதற்கு முன் படித்துச் சென்றவர்களை எவரும் தேடிப் போவதில்லை.

குடும்பத்தின் நிலை இன்னும் சிக்கலானது. கொடுமை செய்தவர் ஒவ்வொரு திருமணத்திலும் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அவர் காலில் விழுந்து ஆசி வாங்கச் சொல்வார்கள். அடித்து நொறுக்கிய தந்தை இன்று முதுமையில் மகனின் கையை எதிர்பார்த்திருப்பார். ‘வயதான காலத்தில் பழையதைக் கிளறாதே’ என்று உறவினர் அறிவுரை சொல்வார்கள். மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அவர் குடும்பத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் அன்று. ‘அப்படி நடந்தது உண்மைதான், உன்னைக் காக்கத் தவறிவிட்டோம்’ என்ற ஒற்றை வாக்கியம் சிலருக்கு ஆண்டுக்கணக்கான சிகிச்சைக்கு நிகரானதாக இருக்கும். அதைச் சொல்லாமலே மன்னிப்பை மட்டும் எதிர்பார்க்கிறோம்.

இதில் சட்டமும் தலையிடுகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் காக்கும் கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகிறது. கைவிடப்பட்ட முதியோருக்கு அது பெரும் அரண். ஆனால் பெற்றோரால் சிறுவயதில் கொடுமைப்படுத்தப்பட்ட பிள்ளைக்கு அதில் வெளிப்படையான விதிவிலக்கு இல்லை. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் 1995 முதல் இதே போன்ற சட்டம் இருக்கிறது. பெற்றோர் பிள்ளையைத் துன்புறுத்தியதோ கைவிட்டதோ மெய்ப்பிக்கப்பட்டால் பராமரிப்புத் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ அங்குள்ள தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. 2023-இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, அத்தகைய வரலாறு உள்ள பெற்றோர் விண்ணப்பிக்கவே முன் அனுமதி பெற வேண்டும். முதியோரைக் காப்பதும் பாதிக்கப்பட்ட பிள்ளையை மதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

செய்யக்கூடியவை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை என்பதைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதலாம். 2012-க்கு முந்தைய சம்பவங்களில் வயது வந்தபின் தரப்படும் புகார்களின் தாமதத்தை மன்னிப்பதை நீதிமன்றங்களின் பொது விதியாக்கலாம். வயது வந்தவர் சிகிச்சையின்போது சொல்வதைப் பொறுத்தவரை, வேறு குழந்தை எதுவும் இன்று ஆபத்தில் இல்லையெனில், புகார் தரும் முடிவை அவரிடமே விடும் வகையில் 19-ஆவது பிரிவைத் தெளிவுபடுத்தலாம். பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் சிங்கப்பூரின் வழியைப் பரிசீலிக்கலாம்.

மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசக்கூடிய தொலைபேசி மனநலச் சேவை 2022 முதல் இயங்குகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். கோவாவில் சங்கத் அமைப்பு, பயிற்சி பெற்ற சாதாரண மக்களைக் கொண்டே மனச்சோர்வுக்குக் குறுகிய கால உளவியல் சிகிச்சை அளித்து, அது பயனளிப்பதை முறையான ஆய்வில் மெய்ப்பித்திருக்கிறது. அத்தகைய ஆரம்பநிலை உதவியைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லவும், கடினமான மனவடுக்களுக்கு ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தனிப் பயிற்சி பெற்ற உளவியலாளரை அமர்த்தவும் அரசு முன்வர வேண்டும். குடிநோய் மையத்துக்கு வருபவரிடமும், தற்கொலை முயற்சியிலிருந்து காப்பாற்றப்பட்டவரிடமும் சிறுவயது பற்றிக் கனிவாகக் கேட்கும் வழக்கம் உருவாக வேண்டும்.

இவற்றில் பணம் தேவைப்படாத ஒன்றும் உண்டு. உறவினரோ நண்பரோ என்றோ நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கும்போது, ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்று கேட்பதுதான் நம் வழக்கம். அப்போது கேட்க ஆள் இல்லை என்பதுதான் அதற்கான விடை. ஆஸ்திரேலியாவில் 23.9 ஆண்டுகள் கழித்து வந்த சொற்களைக் கேட்க ஓர் ஆணையத்தையே அமைத்தார்கள். நம் வீடுகளில் அதற்குக் குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர் போதும்.